ஆமாம் போடாத மதுரம்

சுசீந்திரம் வந்திருக்கிறீர்களா? வந்திருந்தால் தாணுமாலயன் கோயிலில் இசைத்தூண்களைத் தட்டச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்டிருப்பீர்கள். பதினெட்டு அடி ஆஞ்சநேயரை அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பீர்கள். அப்புறம், 'கன்னியாகுமரியில் சூரியன் மறையப் போகுது, சீக்கிரம் வண்டியை எடுங்கப்பா' என்று கிளம்பியிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான். குற்றமில்லை.

அடுத்த முறை வரும்போது ஓர் அரை மணி நேரத்தை எனக்காக ஒதுக்குங்கள். கன்னியாகுமரிப் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் போகலாம். சுசீந்திரத்தைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறதே பழையாறு, அதன் போக்குக்கு எதிராக மேலே போனால் நாகர்கோவிலின் ஓரத்தில் ஒழுகினசேரி வரும். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் 1908 நவம்பர் 29-ல் பிறந்த இடம். பணமும் புகழும் வந்த பிறகு சொந்த மண்ணில் அவர் கட்டிய வீடும் அங்கேதான். வீட்டுக்கு அவர் வைத்த பெயர், மதுரபவனம்.

கலைவாணரை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டாம். சென்னையில் அவர் பெயரில் அரசு அரங்கமே இருக்கிறது. தி.நகரில் அவர் சிலை இருக்கிறது. 1969 ஜனவரியில், உடம்பு மிகவும் முடியாமல் இருந்த நேரத்தில் முதலமைச்சர் அண்ணா வந்து திறந்து வைத்த சிலை அது. அடுத்த மாதம் 3-ம் தேதி அண்ணாவே மறைந்து போனார்.

சரி, மதுரம் யார்?

'அவரோட சம்சாரம்.' 'ஜோடியா நடிப்பாங்களே, அந்தம்மா.' பெரும்பாலும் இத்தோடு முடிந்துவிடும். டி.ஏ.மதுரம் என்ற முழுப்பெயரைச் சொல்கிறவர்களே குறைவு. அவர் பெயரைத் தனியாகச் சொல்லிப் பழக்கமில்லை நமக்கு. என்.எஸ்.கே.-மதுரம் என்று கோடு போட்டுத்தான் சொல்வோம். இன்றைக்கு அந்தக் கோட்டுக்கு வலப்பக்கத்தை மட்டும் கொஞ்சம் பார்க்கலாமா?

அதற்கு முன்னால் ஒரு வில்லுப்பாட்டு கேட்டுவிடுவோம்.

எங்கள் நாஞ்சில் நாட்டில் அம்மன் கோயில் கொடை, சுடலைமாடன் கொடை என்றால் வில்லுப்பாட்டு இல்லாமல் நடக்காது. நடுவில் நீண்ட வில், அதில் கட்டிய மணிகள், வீசுகோல், பக்கத்தில் குடம், உடுக்கை. அண்ணாவி கதை சொல்லிக்கொண்டே போவார். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்திலிருப்பவர் 'ஆமா' போடுவார். வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். 'ஆமா' சொல்வதற்கு ஓர் ஆளா, அதற்குச் சம்பளமா என்று கேட்பார்கள். சுசீந்திரம் தெப்பக்குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு வயசான பாட்டுக்காரர் என்னிடம் சொன்னார்: 'பாட எவன் வேணும்னாலும் வருவான் பாத்துக்கிடுங்க. ஆமா போடத் தெரிஞ்சவன் கெடைக்கணும். அவன் ஒரு நிமிசம் பிந்திட்டான்னா கதை செத்துப்போவும்.'

என்.எஸ்.கே. அந்த வில்லடியைக் கேட்டு வளர்ந்தவர். பிற்காலத்தில் காந்தி கதையையே வில்லுப்பாட்டாகப் பாடியவர். சினிமாவுக்கு வந்த போதும் அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த இடத்துக்கு வந்தவர் மதுரம். ஒரே ஒரு வித்தியாசம். இவர் 'ஆமா' போடவில்லை. 'அதெப்படி?' என்று கேட்டார்.

இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று புரிய வேண்டுமானால் அந்தக் கால நாடகக் கம்பெனிகளை நினைத்துப் பாருங்கள். என்.எஸ்.கே. தேறியது டி.கே.எஸ். சகோதரர்களின் பாய்ஸ் கம்பெனியில். அங்கே ராஜாவும் பையன், ராணியும் பையன். பெண் வேஷத்துக்கு 'ஸ்திரீபார்ட்' என்று பெயர். மீசை முளைக்காத, குரல் உடையாத பையனுக்குப் புடவை கட்டிவிடுவார்கள். காமெடி சீனில் பெண்டாட்டியாக வந்து அடி வாங்குகிறவனும் பையன்தான். ஒரு பெண் நிஜமாகவே எதிரில் நின்று, ஆண்பிள்ளையின் பேச்சை வெட்டி, சபையைச் சிரிக்க வைப்பது என்பது அந்தக் கம்பெனிகளின் பாடத்திட்டத்திலேயே கிடையாது.

மதுரம் திருச்சி ஸ்ரீரங்கத்துக்காரர். 1918-ல் பிறந்தவர். 1935-ல் வெளிவந்த 'ரத்னாவளி' படத்தில் நடித்தார். தமிழ் சினிமா பேச ஆரம்பித்து நாலே வருஷம் ஆன நேரம். ஸ்டூடியோக்கள் பெரும்பாலும் கல்கத்தா, பம்பாய், பூனாவில். படப்பிடிப்புக்கு இங்கிருந்து ரயிலேற வேண்டும். 'வசந்தசேனா' என்ற படத்துக்காக அப்படிப் பூனாவுக்குப் போன கோஷ்டியில் ஒருவர் மதுரம், இன்னொருவர் என்.எஸ்.கே. டைரக்டர் ராஜா சாண்டோ. வருஷம் 1936.

அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். கோஷ்டிக்குச் சாப்பாட்டுச் செலவுக்குப் பணம் போதவில்லையாம். முன்பின் பழக்கமில்லாத மதுரத்திடம் போய், கூச்சமே இல்லாமல் பணம் கேட்டாராம் என்.எஸ்.கே. அவரும் கொடுத்தாராம். எல்லோரும் சாப்பிட்டார்களாம். பிற்காலத்தில் அள்ளி அள்ளிக் கொடுத்த வள்ளல் என்று பேரெடுத்த மனிதரின் கணக்குப் புத்தகத்தில், முதல் வரவு மதுரத்தின் பணம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

பூனாவிலேயே கல்யாணமும் நடந்தது. ஊர் திரும்பிய பிறகுதான் மதுரத்துக்கு ஒரு விஷயம் தெரிய வருகிறது. என்.எஸ்.கே.வுக்கு ஊரில் ஏற்கெனவே நாகம்மாள் என்று மனைவி இருக்கிறார். கோபமாகக் கேட்டபோது, ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் பண்ணு என்பார்களே, நான் சொன்னது ஒரே ஒரு பொய்தானே என்று என்.எஸ்.கே. சமாளித்தாராம்.

இந்தத் துணுக்கை நீங்கள் எங்காவது படித்திருப்பீர்கள். சிரித்தும் இருப்பீர்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஒரு நாள் உறைத்தது. அந்த வீட்டில் அன்றைக்கு யார் சிரித்திருப்பார்கள்? மதுரத்துக்கு வயது பதினெட்டு. முன்னால் ஒரு பெண் இருக்கிற வீட்டுக்கு, தெரியாமல் வந்து நிற்கிற இன்னொரு பெண். ஒழுகினசேரியில் இருந்த நாகம்மாளுக்கு அன்று எப்படி இருந்திருக்கும்? துணுக்கில் இவர்கள் இரண்டு பேருக்கும் வசனமே இல்லை. அத்தனை படங்களில் 'அதெப்படி?' என்று கேட்டவருக்கு, சொந்தக் கதையில் மட்டும் அந்த வரியை நாம் எழுதவில்லை.

மதுரத்துக்குப் பிறந்த ஒரே குழந்தையும் தங்கவில்லை. பிற்பாடு அவருடைய தங்கை டி.ஏ.வேம்புவையும் கலைவாணர் மணந்தார். மதுரமே முன்னின்று செய்த ஏற்பாடு அது என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள். தியாகம் என்று ஒரு சொல்லைப் போட்டு அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவது சுலபம். நான் புரட்டவில்லை. ஆனால் அதற்கு மேல் பேசவும் எனக்கு உரிமையில்லை. வேலைக்கு வருவோம்.

அவர்கள் வேலை செய்த முறையே தனி. அந்தக் காலத்தில் காமெடி என்பது படத்துக்குள் இன்னொரு குட்டிப் படம். கதாநாயகன் கதை ஒரு பக்கம் நடக்கும். என்.எஸ்.கே. தன் ஆட்களை வைத்துக்கொண்டு சீன்களைத் தானே யோசித்து, வசனம், பாட்டு எல்லாம் தயார் செய்து, தனியாக எடுத்துக் கொடுப்பார். அதை வெட்டி நடுநடுவே ஒட்டிக்கொள்வார்கள். படம் சுமாராக இருந்தாலும் இந்த ஒட்டு காப்பாற்றிவிடும் என்பது தயாரிப்பாளர்களின் நம்பிக்கை. விநியோகஸ்தர்கள், 'என்.எஸ்.கே.-மதுரம் இருக்கா?' என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார்களாம்.

பட்டியலைப் பாருங்கள். 1937-ல் 'அம்பிகாபதி'. 1940-ல் எம்.எஸ்.சுப்புலட்சுமி நடித்த 'சகுந்தலை'. 1942-ல் 'கண்ணகி'. 1944-ல் 'ஹரிதாஸ்'. காவியம், புராணம், பக்தி... எல்லாவற்றிலும் இந்த ஜோடிக்கு ஓர் இடம். 1941-ல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் இவர்களே கதாநாயகனும் நாயகியும். டூயட்டுகளைச் சொந்தக் குரலில் பாடினார்கள். இசைத்தட்டாக அவை வீடு வீடாகப் போயின.

மதுரத்தின் நடிப்பில் என்ன விசேஷம்? அவர் கோமாளி வேஷம் கட்டவில்லை என்பதுதான். முகத்தைக் கோணலாக்குவது, தடுக்கி விழுவது, உருவத்தைக் கேலி செய்யக் கொடுப்பது எதுவும் அவருடைய சரக்கல்ல. சாதாரண வீட்டுப் பெண்ணாக வந்து நிற்பார். இவர் பெரிய விஷயத்தை அளப்பார். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒரு சந்தேகம் கேட்பார். அளப்பு பொத்தென்று கீழே விழும். தியேட்டரில் சிரிப்பு அங்கேதான் கிளம்பும்.

இருவரும் பாடிய ஒரு டூயட் உண்டு. விஞ்ஞானம் வளர்ந்தால் என்னென்ன வரும் என்று கற்பனை பண்ணுகிற பாட்டு. விண்வெளிக்குப் போவதைவிட, பட்டனைத் தட்டினால் காபி பலகாரம் தானாக வந்து நிற்பதில்தான் அந்தப் பாட்டுக்கு அக்கறை. விஞ்ஞானத்தை ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து அடுப்படிக்கு இழுத்து வருகிற புத்தி. மதுரம் பக்கத்தில் இல்லாமல் அது வந்திருக்குமா?

இதற்கும் சுசீந்திரத்துக்கும் கூடச் சம்பந்தம் இருக்கிறது. இதே கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லா ஜாதிக்காரர்களும் நடக்கலாம் என்ற உரிமைக்காக 1926-ல் சத்தியாகிரகம் நடந்தது. சாமி கும்பிட அல்ல, தெருவில் நடக்க! அப்போது இது திருவிதாங்கூர் சமஸ்தானம். மகாராஜாவின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-ல். அதாவது, 'வசந்தசேனா' வந்த அதே வருஷம். இந்த மண்ணிலிருந்து போன மனிதர், 1949-ல் அண்ணா எழுதிய 'நல்லதம்பி' படத்தில் கிந்தனார் காலட்சேபம் செய்தார். நந்தன் சிதம்பரத்துக்கு ஏங்கினான். இவருடைய கிந்தன் படிப்புக்கு ஏங்கினான். ஊரே சிரித்தது, சிரித்துக்கொண்டே யோசித்தது.

சீர்திருத்தம் பேசியவர்கள் அன்று நிறையப் பேர். என்.எஸ்.கே. பேசியது மட்டும் ஏன் உள்ளே இறங்கியது? தனியாக ஓர் ஆண் நின்று பேசினால் அது மேடைப் பிரசங்கம். குறுக்கே ஒரு பெண் 'அதெப்படி?' என்று கேட்டால் அது வீட்டுத் திண்ணைப் பேச்சு. பிரசங்கத்தைப் பேச்சாக்கியது மதுரத்தின் கேள்வி. படம் பார்க்க வந்த பெண்களின் மனசில் இருந்த கேள்வியும் அதுதான். என் கட்சி இதுதான், ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் பாடு.

இனி அந்த 1944.

தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வெளியாகிறது. தியாகராஜ பாகவதர், டி.ஆர்.ராஜகுமாரி, என்.எஸ்.கே., மதுரம். சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்த படம். வெளியாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 8-ந்தேதி வேப்பேரியில் 'இந்து நேசன்' பத்திரிகை ஆசிரியர் லட்சுமிகாந்தன் ரிக்‌ஷாவில் போகும்போது கத்தியால் குத்தப்படுகிறார். மறுநாள் இறந்து போகிறார். நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதிப் பிழைத்த பத்திரிகை அது. கொலை வழக்கில் பாகவதரும் என்.எஸ்.கே.வும் கைது. 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை.

வழக்கைப் பற்றிப் புத்தகங்களே வந்திருக்கின்றன. வக்கீல்கள் யார், ஜூரிகள் என்ன சொன்னார்கள், லண்டன் பிரிவி கவுன்சிலில் என்ன நடந்தது, எல்லாம் விலாவாரியாகக் கிடைக்கும். நான் கேட்பது வேறு. அந்த இரண்டரை வருஷம், வெளியே இருந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள்?

என்.எஸ்.கே.வை நம்பி ஒரு நாடக சபை இருந்தது. எழுதுகிறவர், வாசிக்கிறவர், நடிக்கிறவர், சமைக்கிறவர் என்று ஒரு பட்டாளம். அத்தனை பேருக்கும் மாதச் சம்பளம். ஜோடி நடிகைக்கோ ஜோடி ஜெயிலில். வழக்கு ஒரு பக்கம் பணத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. வேறு யாராவது என்றால் கதவைச் சாத்தியிருப்பார்கள். மதுரம் சாத்தவில்லை. எஸ்.வி.சகஸ்ரநாமம் பொறுப்பெடுத்துக்கொள்ள, அவரோடு சேர்ந்து என்.எஸ்.கே. நாடக சபையை நடத்தினார். ஊர் ஊராக நாடகம் போட்டார்கள். போர்டில் அவர் பெயர், மேடையில் இவர்.

பிறகு 'பைத்தியக்காரன்' படம். கிருஷ்ணன்-பஞ்சு டைரக்‌ஷன். சகஸ்ரநாமமும் மதுரமும் முக்கிய வேஷங்களில். வழக்குச் செலவுக்கும் சபையின் பிழைப்புக்கும் கைகொடுக்கும் என்று எடுத்த படம். 1947 ஏப்ரலில் மேல்முறையீட்டில் ஜெயித்து என்.எஸ்.கே. வெளியே வந்தார். அவருக்காகவே ஒரு பாத்திரத்தைச் சேர்த்துப் படத்தை வெளியிட்டார்கள். கவனியுங்கள். அது வரை இவருடைய படங்களில் மதுரம் நடித்தார். இந்த முறை, மதுரம் முன்னின்று வளர்த்த படத்தில் இவர் வந்து சேர்ந்துகொண்டார்.

விடுதலையான அந்த 1947-ல்தான் அவருக்குக் 'கலைவாணர்' பட்டம், பம்மல் சம்பந்த முதலியார் கையால். தகுதியான பட்டம், சந்தேகமில்லை. இரண்டரை வருஷம் கூரையைத் தாங்கியவருக்கு என்ன பட்டம் கொடுத்தோம்? அதே பழைய பட்டம்தான். துணை நடிகை.

இந்தச் சொல்லை நாம் படுத்திய பாடு கொஞ்சமல்ல. பேப்பரில் 'துணை நடிகை' என்று தலைப்பு வந்தாலே ஏதோ வம்புச் செய்தி என்று நினைக்கிற அளவுக்குக் கொண்டுவந்து விட்டோம். 'துணை' என்பது எவ்வளவு பெரிய சொல்! வழித்துணை, வாழ்க்கைத்துணை, தெய்வமே துணை... கல்யாணப் பத்திரிகையில் தலைக்கு மேலே போடுகிற சொல்லை நடிகைக்கு முன்னால் போட்டவுடன் காலுக்குக் கீழே தள்ளிவிட்டோம்.

மற்ற தேசங்களில் எப்படி? ஜப்பானில் சுகிமுரா ஹாருகோ என்று ஒரு நடிகை இருந்தார். ஓசு என்ற மகா டைரக்டரின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) படத்தில் மூத்த மகளாக வருவார். பியூட்டி பார்லர் நடத்துகிறவர். ஊரிலிருந்து வந்த வயசான அப்பா, அம்மாவை எப்போது அனுப்பி வைக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர். அம்மா செத்த வீட்டில், ஈரம் காயும் முன்னே, அம்மாவின் இன்ன துணி எனக்கு என்று கேட்கிறவர். பார்க்கும்போது பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்கு வந்து படுத்தால், 'நாமும் அப்படித்தானோ?' என்று தூக்கம் போய்விடும். கதாநாயகியை நாம் ரசிக்கிறோம். நம்மை நமக்குக் காட்டுகிறவர் இந்த இரண்டாம் வரிசைக்காரர்தான்.

சினிமாவில் துணைப் பாத்திரம். நாடக மேடையிலோ சுகிமுரா மகாராணி. 1945-ல், டோக்கியோவில் குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்களில் அரங்கேறிய 'ஒரு பெண்ணின் வாழ்க்கை' என்ற நாடகத்தைத் தன் ஆயுளில் தொள்ளாயிரம் தடவைக்கு மேல் நடித்தார். அரசாங்கம் 1995-ல் நாட்டின் மிக உயர்ந்த கலாசார விருதைக் கொடுக்க முன்வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேண்டாம் என்று சொல்வதற்காவது முதலில் யாராவது கொடுக்க வேண்டும், இல்லையா? அதே 1945-ல் இங்கே மதுரம், ஜெயிலுக்கும் மேடைக்கும் நடுவே அலைந்துகொண்டிருந்தார். அவரிடம் யாரும் எதையும் நீட்டவில்லை.

விடுதலைக்குப் பிறகு ஜோடி மறுபடி கொடிகட்டிப் பறந்தது. 'நல்லதம்பி', என்.எஸ்.கே.வே டைரக்ட் செய்த 'மணமகள்' (1951), எம்.ஜி.ஆர். நடித்த 'மதுரை வீரன்' (1956)... வந்த பணம் வந்த வழியே போயிற்று. கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். அள்ளிக் கொடுக்கும் கையை உலகம் பார்த்தது. மறுநாள் காலையில் அந்த வீட்டில் உலை வைக்க வேண்டிய கையை யாரும் பார்க்கவில்லை. 1957 ஆகஸ்ட் 30-ல் கலைவாணர் காலமானார். வயது நாற்பத்தெட்டுதான்.

மதுரம் அதன் பிறகு பதினேழு வருஷம் இருந்தார். அண்ணா சிலை திறந்ததை அவர் காலத்திலேயே கண்டார். 1974-ல் மறைந்தார்.

அவர் போட்ட பாதை மட்டும் நிற்கவில்லை. காளி என்.ரத்தினத்துக்கு ஒரு சி.டி.ராஜகாந்தம், தங்கவேலுவுக்கு ஒரு எம்.சரோஜா, நாகேஷுக்கு ஒரு மனோரமா. ஆண் அளக்க, பெண் வெட்ட, சபை சிரிக்க என்ற சூத்திரம் அப்படியே வந்தது. கலைவாணர் மறைந்த அடுத்த வருஷம், 1958-ல், 'மாலையிட்ட மங்கை'யில் அறிமுகமானார் மனோரமா. ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்து, 'ஆச்சி' என்று தமிழ்நாடே கூப்பிட, 2015-ல் மறைந்தார். ஆச்சிக்குக் கிடைத்த அந்த மரியாதையில் ஒரு பங்கு, முன்னால் நடந்து முள் பொறுக்கிய ஸ்ரீரங்கத்துப் பெண்ணுக்கும் உண்டு.

கலைவாணரைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. அவரே அப்படி நினைத்திருக்க மாட்டார். அரங்கத்துக்கும் சிலைக்கும் அவர் பெயரை வைத்தது நாம். தன் கையால் ஒரு கட்டடத்துக்குப் பெயர் வைக்கிற வாய்ப்பு வந்தபோது அவர் வைத்தது யார் பெயரை? அவருக்குத் தெரிந்திருக்கிறது. நமக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். எப்போதாவது ராத்திரி டி.வி.யில் பழைய கறுப்பு-வெள்ளைப் படம் ஓடும். இந்த ஜோடி வரும். ஒரே ஒரு சீனுக்கு மட்டும், பேசுகிற அவரை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிற அந்த அம்மாவின் முகத்தைப் பாருங்கள். வாயைத் திறப்பதற்கு ஒரு விநாடி முன்னால் கண்ணில் ஒரு சின்ன வெளிச்சம் வரும்.

நீங்கள் சிரிக்கப் போவது அவர் சொன்னதற்கு அல்ல, இவர் கேட்கப் போவதற்கு.